எந்தக் கால் முதலில் போகிறது

தம்பி,

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்து, புல்லட்டை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை ஓசூருக்கு ஓட்டிப்போவதாகப் போனில் சொன்னாய். நான் "சரி, பார்க்கலாம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். அவர் காது கேட்கச் சொல்ல முடியாத ஒன்றைச் சொல்வதற்காகத்தான் இதை எழுதி கூரியரில் அனுப்புகிறேன். நீ அங்கிருந்து கிளம்புவதற்கு முன் கையில் சேர்ந்துவிடும். ஒரு தடவையாவது முழுக்கப் படி. நான் அதிகம் பேசுகிறவள் இல்லை என்று உனக்குத் தெரியும். பேசாமல் சேர்த்துவைத்தது எழுத உட்காரும்போது நீண்டுபோகிறது.

உன்னைப் பெற்றபோது எனக்குப் பத்தொன்பது வயது. எண்பத்தொன்பதாம் வருடம். இப்போது உனக்கு அந்த வயது. நாம் இரண்டு பேரும் சேர்ந்து பஸ்ஸில் போனால் கண்டக்டர் உன்னை என் தம்பி என்று நினைத்துக்கொள்கிறார். அதனாலோ என்னவோ, பெரியவள் என்கிற தோரணையில் உனக்குப் புத்தி சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. புத்தகம் படிக்கிறவளுக்கு வாழ்க்கை தெரியும் என்று நீ உன் சினேகிதர்களிடம் பெருமையாகச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அப்படியெல்லாம் இல்லை. நடந்ததைச் சொல்கிறேன். பிறகு உன்னிடம் ஒன்று கேட்கிறேன்.

பின்கட்டில் சாக்குப் போட்டு மூடி நின்ற அந்த வண்டி எனக்கு முன்பே அப்பாவிடம் வந்துவிட்டது. கல்யாணத்துக்கு மறுநாள் கீழ்பென்னாத்தூரிலிருந்து என்னை அதில் உட்காரவைத்துத்தான் திருவண்ணாமலைக்கு அழைத்துவந்தார். அப்போதே அவருக்கு மோட்டார் காயில் கட்டுகிற கடை இருந்தது. எந்த ஊரிலாவது கிணற்று மோட்டார் புகைந்துபோனால் இவரே போய்க் கழற்றி, வண்டியின் பின்னால் கயிறு போட்டுக் கட்டி, கடைக்குக் கொண்டுவந்து, காயில் சுற்றி, மறுபடி கொண்டுபோய் மாட்டித் தருவார். அவ்வளவு பாரத்தைச் சுமந்துகொண்டு வரப்போரத்து மண் பாதையில் போக அந்த வண்டியால்தான் முடிந்தது. அதன் பிரேக் இடது காலில் இருக்கிறது. கியர் வலது காலில். நீ காலேஜில் சினேகிதர்களிடம் வாங்கி ஓட்டிப் பழகிய வண்டிகளில், இப்போது ஓசூரில் வேலைக்குப் போய்வருகிற வண்டியில், பிரேக் வலது காலில் இருக்கிறது, கியர் இடது காலில். இப்போது வருகிற புதிய புல்லட்டுகளில்கூட மாற்றிவிட்டார்களாம். இதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். தீபத்துக்கு வந்திருந்தபோது நீயே எனக்கு விளக்கினாய். உனக்கு நன்றாகத் தெரியும் என்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. அப்பாவுக்கும் நன்றாகத் தெரிந்திருந்தது.

தொண்ணூற்றொன்பதில் அவர் ஒரு நூறு சிசி வண்டி வாங்கினார். உனக்குப் பத்து வயது. புல்லட் பெட்ரோலைக் குடிக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள், அவரும் ஒத்துக்கொண்டார். ஆனால் விற்க மனசு வரவில்லை. மோட்டார் ஏற்ற வேண்டிய நாளில் புல்லட், வெறுமனே பார்த்துவிட்டு வருகிற நாளில் சின்ன வண்டி என்று இரண்டையும் வைத்துக்கொண்டார். முதல் நாள் காலையில் தெருவுக்குள் திரும்பி, வீட்டு வாசலில் நிறுத்துவதற்காக இடது காலை அழுத்தினார். வண்டி நிற்கவில்லை. எதிர்வீட்டு சரோஜா அக்கா போட்டுக்கொண்டிருந்த கோலத்தின் மேலேயே ஏறிப்போய் அவர்கள் வாசற்படியில் முட்டி நின்றது. சரோஜா அக்கா பயப்படவே இல்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "இன்னாங்க தம்பி, நான் புள்ளி மட்டுந்தான் வச்சேன். கோட்ட நீங்க இழுத்துட்டீங்களே" என்றார்கள். அப்பா வெட்கத்தோடு இறங்கி, "கால் மாறிடுச்சிக்கா. ரெண்டு நாள்ல பழகிடும்" என்றார்.

இதை நீ மறந்திருக்க மாட்டாய். நம் வீட்டில் அது பெரிய வேடிக்கையாக இருந்தது. நீ பெட்ரோல் டாங்க் மேல் உட்கார்ந்து ஸ்கூலுக்குப் போவாய். பழைய பஸ் ஸ்டாண்டு முனை வரும்போது, யாராவது குறுக்கே வரும்போது, "வலது கால்ப்பா, வலது கால்" என்று கத்துவாய். தெருப் பிள்ளைகள் அதையே பட்டப்பெயராக்கி, அப்பா தெருவில் நடந்து போனால்கூட "வலது கால் வர்றாரு" என்பார்கள். மாடி அறையில் குடியிருந்த வெள்ளைக்காரருக்கும் அதே பிரச்சினை. அவர் ஊரில் எல்லா வண்டியும் ரோட்டின் வலது பக்கம் போகுமாம். இங்கே வந்து வாடகை மொபெட் எடுத்து ஓட்டும்போது, திருப்பங்களில் தப்பான பக்கம் போய்விடக் கூடாது என்று இடது மணிக்கட்டில் கோயில் சிவப்புக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருப்பார். அப்பா அதைப் பார்த்துவிட்டு வந்து, "நான் காலுக்குத் தண்டை போட்டுக்கலாமா?" என்று என்னைக் கேட்டார். எனக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. கடைசியில் வலது பெடலில் சிவப்புப் பெயிண்ட் அடித்து வைத்தார். அந்தப் பெயிண்ட் கண்ணுக்குத்தான் தெரியும் என்பது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

ஒரு மாதம் போயிருக்கும். அவருக்குக் கால் பழகிவிட்டது. அல்லது பழகிவிட்டதாக நினைத்தோம். காலையில் ஒரு வண்டி, மத்தியானம் ஒரு வண்டி என்று மாற்றி மாற்றி ஏறி இறங்கினார், ஒரு தப்பும் வரவில்லை. நீ கத்துவதை நிறுத்திவிட்டாய். தெருப் பிள்ளைகளுக்கும் சலித்துப்போயிற்று.

ஆவணி மாதப் பௌர்ணமிக்கு முந்தின நாள், அடி அண்ணாமலைக்குப் பின்னால் ஒரு கிணற்றில் மோட்டார் ஓடவில்லை என்று ஆள் வந்து கூப்பிட்டார்கள். அதற்கு முன் நாலைந்து நாளாகத் தொடர்ந்து புல்லட்டில்தான் போய்வந்துகொண்டிருந்தார். அன்று பாரம் இல்லை என்று சின்ன வண்டியை எடுத்தார். மோட்டாரில் பெரிதாக ஒன்றுமில்லை, ஒயர் கழன்றிருந்தது. சரிசெய்து கொடுத்து, அவர்கள் தந்த மோரைக் குடித்துவிட்டு, சாயங்காலம் நாலு மணி வாக்கில் கிரிவலப் பாதையில் திரும்பிக்கொண்டிருந்தார். நல்ல வெயில். ரோடு காலியாக இருந்தது. வேகமாகவும் வரவில்லை, அதைப் பார்த்தவர்களே சொன்னார்கள்.

இந்த ஊரில் வண்டி ஓட்டுகிறவர்கள் எல்லோருக்கும் கையில் ஒரு பழக்கம் இருக்கிறது. கோயிலோ லிங்கமோ பக்கத்தில் வந்தால் வலது கை தானாக ஹேண்டில்பாரை விட்டு எழுந்து, நெஞ்சைத் தொட்டு, உதட்டுக்குப் போய்த் திரும்பும். பஸ் டிரைவர் பேசிக்கொண்டே செய்வார், ஆட்டோக்காரர் சில்லறை பொறுக்கிக்கொண்டே செய்வார். கும்பிட வேண்டும் என்று முடிவுசெய்து யாரும் கும்பிடுவதில்லை. கை போய்த் திரும்பிய பிறகுதான் கோயில் வந்தது மனசுக்குத் தெரிகிறது. நீயும் அப்படித்தான். அடி அண்ணாமலைக் கோயில் தெரிகிற வளைவில் அப்பாவின் கை நெஞ்சுக்குப் போனது. கண்ணும் ஒரு கணம் கோயில் பக்கம் போனது. திரும்பிப் பார்த்தபோது ரோட்டின் நடுவில் ஒரு பெண், இடுப்பில் பிளாஸ்டிக் குடத்தோடு.

முன் பிரேக் பிடிக்க வேண்டிய கை நெஞ்சில் இருந்தது. கால்தான் மிச்சம். அவர் முழு பலத்தோடு மிதித்தார், இடது காலை. அந்தக் கால் புல்லட்டில் எத்தனை வருடம் எத்தனை ஆடு, எத்தனை குழந்தை, எத்தனை மாட்டு வண்டியைக் காப்பாற்றியிருக்கும். அன்றைக்கும் காப்பாற்றத்தான் போனது. அதன் கீழே இருந்தது கியர். வண்டி ஏற்கெனவே நாலாவது கியரில் இருந்தது, அதற்கு மேல் போக இடமில்லை. லீவர் கீழே போய் மேலே வந்தது, அவ்வளவுதான். வண்டி வந்த வேகத்திலேயே போய் அவள் மேல் மோதியது.

அவள் பெயர் மல்லிகா. இந்தப் பெயரை நீ இதுவரை நம் வீட்டில் கேட்டிருக்க மாட்டாய். அடி அண்ணாமலையில் புருஷனுக்குக் கொஞ்சம் நிலம், வேர்க்கடலை போடுவார்கள். பௌர்ணமிக்குப் பௌர்ணமி ரோட்டோரம் கீற்றுப் போட்டு டீக்கடை வைப்பாள். மறுநாள் கடைக்காகத் தண்ணீர் பிடித்து வைத்துக்கொண்டிருந்தாள். என்னைவிட ஒரு வயதோ இரண்டு வயதோ மூத்தவள். முதலில் நம் ஊர் பெரிய ஆஸ்பத்திரிக்கும், அங்கிருந்து வேலூருக்கும் கொண்டுபோனார்கள். தலையில் அடி. கண் திறக்காமலேயே போய்விட்டாள்.

நம் ஊர் ஆஸ்பத்திரி வராந்தாவில் அவளுடைய நாத்தனார் அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு கேட்டதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். "பிரேக்கு இல்லியாய்யா உன் வண்டியில? பிரேக்கு இல்லியா?" அப்பா, "புடிச்சேங்க, மிதிச்சேங்க, நிக்கலைங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் முழங்கை உரிந்து ரத்தம் சட்டையெல்லாம் இருந்தது. யாரும் அதைப் பார்க்கவில்லை, அவரும் பார்க்கவில்லை. அவர் சொன்னது பொய்யில்லை. மிதித்தது அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அதனால்தான் உனக்கும் "பிரேக் ஃபெயிலாயிடுச்சிப்பா" என்று சொன்னோம். அன்றைக்கு நாங்களும் அதையே நம்பினோம். பிறகு உண்மை தெரிந்தபோது உன்னிடம் வந்து திருத்திச் சொல்ல யாருக்கும் தெம்பில்லை. நீயும் ஒரு கதையைக் கேட்டு முடித்துவிட்ட பிள்ளையாக இருந்தாய்.

போலீஸ் ஸ்டேஷனில் வண்டியைச் சோதிக்க பிரேக் இன்ஸ்பெக்டர் வந்தார். வண்டியை ஸ்டார்ட் செய்து காம்பவுண்டுக்குள்ளேயே ஒரு சுற்று ஓட்டி, சட்டென்று நிறுத்திக் காட்டினார். "பிரேக்கு கும்முனு நிக்குதுய்யா. நீ புடிச்சியா இல்லியா, அத்த சொல்லு." அப்பா, "புடிச்சேன் சார். மிதிச்சேன்" என்றார். "மிதிச்சிருந்தா நின்னிருக்குமே." ரோட்டில் டயர் தேய்ந்த கோடு அவள் விழுந்த இடத்தைத் தாண்டித்தான் ஆரம்பித்திருந்தது. அதையும் எழுதிக்கொண்டார்கள். பொய் சொல்லுகிறான் என்று அந்த அறையில் இருந்த எல்லோரும் நினைத்தார்கள். வீட்டுக்கு வரும் வழியில் ரிக்‌ஷாவில் அவர் என்னைக் கேட்டார். "நீயாவது நம்பறியா?" நம்புகிறேன் என்றேன். ஆனால் பிரேக்கை மிதித்தவன் வண்டி நிற்கவில்லை என்கிறான், பிரேக்கோ நன்றாக இருக்கிறது. இரண்டையும் எப்படிச் சேர்த்து நம்புவது என்று எனக்குத் தெரியவில்லை.

சேர்த்துக் காட்டியது ஒரு இட்லிக் குண்டானின் மூடி. சில வாரம் கழித்து ஒரு மத்தியானம். நீ ஸ்கூலில் இருந்தாய். அவர் கடைக்குப் போகாமல் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் ஸ்டூல் போட்டு ஏறிப் பரண்மேலிருந்து குண்டானை இறக்கினேன். மூடி நழுவி அவருக்குப் பின்னால் தரையில் விழுந்தது. அந்தச் சத்தத்துக்கு அவர் உடம்பு தூக்கிப்போட்டது. இடது கால் தரையை அழுத்தியது. வெறுமனே அசைந்தது என்று நினைத்துவிடாதே. பாதத்தின் முன்பாதி வெளுத்துப்போகிற அளவு அழுத்தியது. வலது கால் கிடந்த இடத்தில் அப்படியே கிடந்தது. மூடி சுற்றிச் சுற்றி ஓய்கிற வரைக்கும் நான் ஸ்டூல் மேல் நின்றுகொண்டு அந்தக் காலைப் பார்த்தேன். அவரும் குனிந்து பார்த்தார். யாரோ ஒருவருடைய கால் தன் வீட்டுக்குள் வந்துவிட்டதைப் போலப் பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார். "இதத்தான் மிதிச்சேன்."

நான் அதற்குப் பிறகு நிறையப் படித்தேன். மாடியில் குடியிருந்துவிட்டுப் போகிறவர்கள் விட்டுப்போகிற புத்தகங்களை அகராதி வைத்துக்கொண்டு படிக்கிற பழக்கம் எனக்கு உண்டல்லவா. உடம்பு எப்படிக் கற்றுக்கொள்கிறது என்று எதிலெல்லாம் எழுதியிருந்ததோ அதையெல்லாம் தேடினேன். எனக்குப் புரிந்ததை உனக்குச் சொல்கிறேன். சைக்கிள் ஓட்டுவதோ, பூக் கட்டுவதோ, எதுவாக இருந்தாலும் ஆரம்பத்தில் நாம் யோசித்துச் செய்கிறோம். பழகப் பழக அது யோசனை தேவைப்படாத ஒரு இடத்துக்குப் போய்விடுகிறது. பிறகு வேறுவிதமாகப் பழகினால் பழையது அழிவதில்லை. புதியது அதன் மேல் ஒரு பாயைப் போல விரிகிறது. பதற்றமில்லாமல் ஓட்டும்போது காலை ஓட்டுவது மனசு, அதற்கு எந்த வண்டி, எந்தக் கால் என்று தெரியும். திடுக்கிட்டால் மனசு ஒரு கணம் வீட்டில் இருப்பதில்லை. அந்த ஒரு கணத்துக்குக் கால் தனக்கு மிகவும் பழகியதைச் செய்துவிடுகிறது. சரியாகத்தான் செய்தேன் என்றே அது அவனுக்குச் சொல்லும். அதனால்தான் அப்பா பிரேக்கை மிதித்தேன் என்று சத்தியம் செய்தார். அவர் கால் அவரிடம் அப்படித்தான் சொல்லியிருந்தது.

மூடி விழுந்த மறுநாளே அப்பா வக்கீலிடம் போனார். நடந்ததை அப்படியே கோர்ட்டில் சொல்லிவிடுகிறேன் என்றார். வக்கீல் சிரித்துவிட்டார். "கால் மாறிப் போச்சின்னு சொல்லப் போறீங்களா? வண்டி ஓட்டத் தெரியாதவன்னு எழுதிட்டுப் போவாரு ஜட்ஜ். சும்மா இருங்க சார், அந்தம்மா குறுக்க வந்தாங்கன்னு இருக்கு, அது போதும்." அது போதுமானதாகத்தான் இருந்தது. வழக்கு இழுத்து இழுத்து, ஒருநாள் முடிந்தது. அவள் குறுக்கே வந்தாள் என்பது காகிதத்தில் ஏறிவிட்டது. அது அப்பாவுக்குப் பொறுக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் இரண்டு பேரும் அடி அண்ணாமலைக்கு நடந்தே போனோம். மல்லிகாவின் புருஷன் ஏழுமலை களத்தில் கடலைச் செடி உதறிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் நிறுத்தவில்லை. அப்பா நின்றபடியே சொன்னார், புல்லட்டில் ஆரம்பித்து, கால் வரைக்கும், கை நெஞ்சுக்குப் போனது வரைக்கும். "அவங்க மேல தப்பில்லைங்க. வண்டி மேலயும் தப்பில்ல. என் கால் தப்பா போயிடுச்சிங்க. அத்த உங்ககிட்ட சொல்லணும்னுதான் வந்தேன்." ஏழுமலை செடியைக் கீழே போட்டார். பிறகு, "இத்த சொல்றதுக்கா வந்த?" என்றார். "ஆமாங்க." "பிரேக்கு போயிடுச்சின்னே இருந்திருக்கக் கூடாதாய்யா. இரும்புதானேன்னு வுட்டு வச்சிருந்தேன். இப்ப காலுன்ற. கால நான் இன்னா பண்றது, சொல்லு. வெட்டவா முடியும்?" ஏழுமலை உள்ளே பார்த்துக் குரல் கொடுத்து, வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். ஒரு சின்னப் பெண் சொம்பில் கொண்டுவந்தாள். உன் வயதுதான் இருக்கும். நான் குடித்தேன். அப்பாவால் முடியவில்லை, வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

மல்லிகா அடிபட்ட நாளிலிருந்து அவர் எந்த வண்டியையும் தொடவில்லை. உனக்கு அவர் பஸ்ஸில் போகிற அப்பாவாகத்தான் ஞாபகம் இருக்கும். சின்ன வண்டி ஸ்டேஷனிலிருந்து வந்ததும் விலைக்குப் போய்விட்டது. ஊர் ஊராகப் போய் மோட்டார் கழற்ற ஆள் வைத்துக்கொண்டு, இவர் கடைக்குள்ளேயே உட்கார்ந்து காயில் சுற்றுகிறார். புல்லட்டை விலைக்குக் கேட்டு எத்தனையோ பேர் வந்தார்கள். தரவில்லை. ஒருமுறை நான் காரணம் கேட்டபோது, "வாங்கறவன் வேற வண்டி ஓட்டிப் பழகினவனா இருப்பான்" என்று மட்டும் சொன்னார். கிரிவலப் பாதையில் பஸ் போகும்போது சுற்றி இருக்கிற எல்லோருடைய கையும் நெஞ்சுக்குப் போகும். இவர் இரண்டு கையாலும் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டிருப்பார். சாமி மேல் கோபமா என்று உன் அத்தை ஒருதரம் கேட்டாள். இல்லை. கையை நம்பவில்லை, அவ்வளவுதான்.

இப்போது உன் விஷயம். தீபத்துக்கு வந்தபோது நீ உன் சினேகிதனோடு சேர்ந்து சாக்கை எடுத்து, கார்புரேட்டர் கழுவி, பேட்டரி மாற்றி, அந்த வண்டியை உயிர்ப்பித்தாய். அந்தச் சத்தம் தெரு முழுக்கக் கேட்டது. சரோஜா அக்கா வெளியே வந்து கன்னத்தில் கை வைத்துக்கொண்டு நின்றார்கள். தெருக்கோடி வரை போய்த் திரும்பி வந்து, வாசலில் நிறுத்தும்போது நீ கொஞ்சம் தள்ளி நிறுத்தினாய். "கால் மாறிடுச்சிம்மா" என்று சிரித்தாய். நான் கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன், அப்படியே நின்றுவிட்டேன். பிரேக்கை வலது பக்கம் மாற்றித் தருகிற மெக்கானிக் இருக்கிறாரே என்று நான் கேட்டதற்கு, "ஒரிஜினல் போயிடும்மா. அப்புறம் அது புல்லட்டே கெடையாது" என்றாய். அங்கே ஓசூரில் வேலைக்குப் போக உன் ரூம் நண்பனுடைய வண்டி, லீவு நாளில் இது, என்று கணக்குப் போட்டுச் சொன்னாய். போன வாரம் போனில் நான் மறுபடி இழுத்தபோது, "ரெண்டு நாள்ல பழகிடும்மா, நீ வேற" என்றாய். அதே சொல். குரல்கூட அவர் குரல்தான். நீ போனை வைத்த பிறகு நான் அடுப்படியில் போய் நின்றுகொண்டேன்.

அப்பாவிடம் நேற்று கேட்டேன், நீங்களே அவனிடம் வேண்டாம் என்று சொல்லுங்களேன் என்று. அவர், "எந்த மூஞ்சிய வச்சிக்கினு நான் அவன வேணாம்னு சொல்றது? கேட்டான்னா சாவிய குடுத்துடுவேன். என்னால இல்லன்னு சொல்ல முடியாது. நீ சொல்லு" என்றார். ஆகவே நான் சொல்கிறேன். அந்த வண்டியை எடுக்காதே. உனக்கு அடிபடும் என்பது பாதிப் பயம்தான், அதை எந்தத் தாயும் பட்டுக்கொண்டேதான் இருப்பாள். மிச்சப் பாதியை நான் அப்பாவோடு சேர்ந்து ஒன்பது வருடமாக வீட்டில் வைத்துச் சமைத்துப் போட்டுக்கொண்டிருக்கிறேன். எங்கோ கிருஷ்ணகிரி ரோட்டில், குடத்தோடு ரோட்டைக் கடக்கிற ஒருத்தியின் வீட்டு வாசலில், நீ போய் நின்று "என் கால் தப்பா போயிடுச்சி" என்று சொல்லக் கூடாது. உனக்கு எப்படி ஓட்டுவது என்று நன்றாகத் தெரியும் என்று சொல்லாதே. தெரிந்தது வேறு இடத்தில் இருக்கிறது. நான் சொல்வது தெரியாத இடத்தைப் பற்றி.

நீ நம்பமாட்டாய் என்று தோன்றுவதால் கடைசியாக ஒன்று. இதைச் சொல்லக் கூடாது என்றுதான் எழுத ஆரம்பித்தேன். தீபத்துக்கு மறுநாள் மத்தியானம், நீ ஊருக்குக் கிளம்புவதற்கு முன், நீயும் அப்பாவும் கூடத்தில் பக்கத்தில் பக்கத்தில் நாற்காலி போட்டுக் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் எதிரே தரையில் உட்கார்ந்து உனக்கு முறுக்குப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தேன். மலைப் பக்கமிருந்து வந்த குரங்கு ஒன்று பின்கட்டுத் தகரத்தின் மேல் தொப்பென்று குதித்தது. வெடி வெடித்த மாதிரி சத்தம். நீ "சனியன்" என்று சிரித்துவிட்டு மறுபடி டிவியைப் பார்த்தாய். அப்பா டிவியைப் பார்க்கவில்லை. அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் அங்கேதான் பார்த்தேன். பக்கத்தில் பக்கத்தில் நாலு பாதம். அவருடைய இடது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. உன்னுடைய வலது கால் அழுத்திக்கொண்டிருந்தது, நுனி வெளுத்துப்போகிற அளவுக்கு. எப்போது அழுத்தினாய், எப்போது எடுத்தாய் என்று உனக்கே தெரியாது. "இன்னாப்பா?" என்று நீ கேட்டாய். "ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு அப்பா எழுந்து பின்கட்டுக்குப் போனார். வெகுநேரம் கழித்து நான் போய்ப் பார்த்தபோது, நீ துடைத்துப் பளபளப்பாக்கி வைத்திருந்த அந்த வண்டியின் மேல் பழைய சாக்கை எடுத்துப் போட்டு, நாலு பக்கமும் இழுத்து இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வா.

அம்மா